ஆட்டை விரட்டிய பாட்டு

காளியாயியின் பிழைப்பில் மண் விழுந்த செய்தி அவளுக்கு ரேஷன் கடை வரிசையில் வைத்துச் சொல்லப்பட்டது. பாமாயில் வந்திருக்கிறதா என்று குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற கோயில் கமிட்டித் தலைவர் நாகநாதன், நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“ஏத்தா காளியாயி, இந்த ஆடிக்கு நீ மெனக்கெட வேணாம். கும்மிக்கு எல்லாம் ஃபோன்லயே வந்துருச்சு.”

“ஃபோனு கும்மி அடிக்குமாண்ணே?”

“பாட்டச் சொல்றேன்த்தா. மைக்செட்டுக்காரன் ஒயர மாட்டிவிட்டான்னா அதுபாட்டுக்கு ஓடும். அறுபது பாட்டு இருக்கு. நம்ம பொம்பளையாளுக கையத் தட்டுனாப் போதும். அதுக்குத் தொண்டை கட்டாது, டீ கேக்காது, வேன் கேக்காது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காளியாயியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், தன்னைப் பற்றிய சிரிப்புக்குத் தானே கோரஸ் பாடிவிட்டோம் என்று உறைத்தது.

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் பதினோரு ஊரில் முளைப்பாரிக்குப் பாடுகிறவள் அவள். சட்டியில் பயறு போட்டு, வெயில் காட்டாமல் வளர்த்து, அம்மன் முன்னால் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கும்மியடிப்பார்கள் அல்லவா, அதில் நடுவில் நின்று முதல் வரி எடுத்துக் கொடுக்கிற ஆள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. ஆடியிலிருந்து புரட்டாசி வரை பாட்டு. மிச்ச மாதங்களில் களையெடுப்பும் நூறு நாள் வேலையும். புருசன் இருளாண்டி திருப்பூர் சாயப்பட்டறையில் இருந்தான். மாதம் ஒரு தடவை வருவான், தூங்குவான், போவான். மகள் மதுரையில் நர்சிங் படித்தாள். அந்த ஃபீசில் பாதி கும்மியில் வந்தது. இந்த வருடம் ஆனி பாதி தாண்டியும் ஓர் ஊர்க்காரர்கூட வந்து கேட்கவில்லையே என்று அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏன் என்பது இப்போது பாமாயிலோடு சேர்ந்து கிடைத்தது.

“நீயும் கேளு, ஒரிஜினல் செட்டிநாட்டுக் கும்மி!” என்று நாகநாதன் ஃபோனை நீட்டினார். கண்ணாடியில் ஒரு படம். பெரிய வீட்டுத் தூணில் ஒரு பெண் சாய்ந்துகொண்டு நின்றாள். கட்டியிருந்தது கேரளத்துச் சேலை.

முதலில் யாரோ பித்தளை அண்டாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த மாதிரி.

நாலு தெரு மண்ணெடுத்து – நல்ல
நாட்டு மாட்டு எருவெடுத்து
மூலையில வச்ச பயிர் – அம்மா
முட்டி மோதி முளைச்ச பயிர்

காளியாயியின் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்தது. அது அவள் கட்டிய பாட்டு. மகள் வயிற்றில் இருந்த வருடம், களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து கட்டியது. சரி, பாட்டு ஊர் ஊராகப் போகும், யாராவது பாடியிருப்பார்கள் என்று மனதைச் சமாதானம் செய்வதற்குள் அடுத்த வரி வந்தது. அண்டா இன்னும் இரண்டு படி உருண்டது. பத்துப் பேர் சேர்ந்து முழங்கினார்கள்:

எட்டிப் போடி கருப்பி – இனி
எம்பக்கம் பாக்காதே திரும்பி!

“அண்ணே,” என்றாள் காளியாயி. “இது என் ஆடுண்ணே.”

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. பில் போடுகிறவர்கூட மிஷினை விட்டுவிட்டுச் சிரித்தார்.

“சத்தியமாண்ணே. கருப்பி என் ஆடு. இது நான் ஆட்ட வெரட்டுனது.”

“அதுல என்ன போட்டுருக்குன்னு பாத்தியா? பாரம்பரியம்னு போட்டுருக்கு. பதினெட்டு லச்சம் பேரு கேட்டுருக்காக. ஒன் ஆட்டயாத்தா பதினெட்டு லச்சம் பேரு கேப்பாக?” என்றார் நாகநாதன். “அவுக ஒரிஜினலாப் பாடிருக்காக. நீ எங்கயோ கேட்டு இத்தன வருசமாப் பாடிக்கிட்டு இருந்துருக்க. அதுல தப்பில்ல, விடு.”

அதுவரைக்கும் பிழைப்புதான் போயிருந்தது. இப்போது திருட்டுப் பட்டமும் வந்துவிட்டது. பாமாயில் வாங்காமலே காளியாயி வீட்டுக்கு நடந்தாள்.

கோபம் வந்தால் அவள் கத்துகிற ஆள் இல்லை. பாத்திரம் கழுவுவாள். அன்றைக்கு இருந்த பாத்திரம் எல்லாம் கழுவி, பரணில் இருந்த கல்யாணக் குத்துப்போணி வரைக்கும் இறக்கிக் கழுவினாள். கழுவக் கழுவ மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பங்குனி மாதம் பளிச்சென்று தெரிந்தது.

அன்றைக்குச் சென்னையிலிருந்து சிவபிரகாஷ் என்று ஒரு பையன் காரில் வந்திறங்கினான். தாடி, கதர்ச் சட்டை, காலில் செருப்பில்லை. செருப்பைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுச் சுடுமண்ணில் நடந்து வந்தான். நாட்டுப்புறப் பாட்டு ஆராய்ச்சி என்றான். பழைய சோறு கேட்டு வாங்கி இரண்டு தட்டு சாப்பிட்டான். மோர் மிளகாயைக் கடித்துவிட்டு, “இதுதான்மா உண்மையான வாழ்க்கை” என்று கண் கலங்கினான். காரத்தில் கலங்கியதா உண்மையில் கலங்கியதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

வாசலில் விரித்த பாயில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முடி வைத்த தொப்பி போட்ட ஒரு மைக்கை நட்டு, “பாடுங்கம்மா” என்றான். பாடினாள். நாலாவது வரியில் கட்டை அவிழ்த்துக்கொண்டு கருப்பி வந்தது. உப்பு வாடைக்கு அது உயிரை விடும். மிளகாய்ப் பாயில் வாய் வைக்கப் போனது. பாட்டை நிறுத்தினால் பையன் முதலிலிருந்து பாடச் சொல்வானே என்று, காளியாயி தாளம் தப்பாமல் அதே மெட்டில் ஆட்டை விரட்டினாள். எட்டிப் போடி கருப்பி, இனி எம்பக்கம் பாக்காதே திரும்பி. கருப்பி எட்டிப் போகவில்லை. திரும்பி மைக்குத் தொப்பியைத் தின்றது. சிவபிரகாஷ் “அய்யோ ஆடு, ஆடு!” என்று அலறி இழுக்க, ஆடு ஒரு பக்கம் இழுக்க, பாதித் தொப்பி ஆட்டுக்குப் போனது.

போகும்போது ஐந்நூறு ரூபாய் கொடுத்தான். ஃபோனை நீட்டி, “நீங்க பாடினதுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து” என்றான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் அவள். பேனா கொடுத்தால் நின்று படித்துவிட்டுத்தான் போடுவாள். இவன் கொடுத்தது கண்ணாடி. கண்ணாடியில் விரலால் எழுதுவதெல்லாம் விளையாட்டுக்குத்தானே என்று கோணல்மாணலாகக் கிறுக்கினாள். “உங்க பேர் உலகம் பூரா போகும்மா” என்றான். பேர் போகவில்லை. ஆட்டின் பேர் போயிருந்தது.

சாயங்காலம் நாத்தனார் விசாலி வந்தாள். கீழச்சிவல்பட்டி பஸ் நிறுத்தத்தில் செராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், கும்மியில் காளியாயிக்கு இரண்டாம் குரல். ஃபோனுக்குள் விசாலி நுழையாத சந்து கிடையாது. அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து, அடியில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

“பாடல், பாரம்பரியம். இசை, சிவபிரகாஷ்.”

“அது யாருடி பாரம்பரியம்? நம்ம பதினோரு ஊர்ல அப்படி ஒருத்தி பாடி நான் பாத்ததில்லையே.”

“இருங்க மதினி, இன்னும் கேளுங்க. ‘கருப்பி என்பவள் கருப்பர் சாமியின் மறக்கப்பட்ட துணைத் தெய்வம். தீய சக்திகளை விரட்டும் இந்தத் தொன்மையான வரி, தலைமுறை தலைமுறையாகச் செட்டிநாட்டுப் பெண்களின் நாவில்…’ ஆத்தாடி! மதினி, போன தீபாவளிக்குக் கறி போட்டமே, அந்தக் கருப்பியா?”

“வேற எந்தக் கருப்பி?”

“தொணைத் தெய்வத்துல தொடைக்கறி ஒரு கிலோ நான் வாங்குனேனே!” விசாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காளியாயி சிரிக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டில் சாம்பார்தான் வைத்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

“மதினி, ஒரு வேலை செய்வோம். நீங்க இப்பப் பாடுங்க, நான் ஃபோன்ல எடுத்துப் போடுறேன். ஒரிஜினல் எதுன்னு ஊரு பாக்கட்டும்.”

காளியாயி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பாடினாள். கோபத்தில் பாடியதால் குரல் இன்னும் நன்றாக இருந்தது. விசாலி அதை ஏற்றினாள். மறுநாள் காலை செராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் ஓடி வந்தாள். மூஞ்சி செத்துக் கிடந்தது. வீடியோவில் காளியாயி வாய் அசைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் வரவில்லை. கீழே ஓர் அறிவிப்பு: ‘உங்கள் வீடியோவில் பிறருக்குச் சொந்தமான இசை உள்ளது. ஒலி நீக்கப்பட்டது.’

காளியாயி அந்த ஊமைப் படத்தை மூன்று தடவை பார்த்தாள். தன் வாய்தான். தன் கைதான் தட்டுகிறது. மூச்சு வாங்குகிற இடத்தில் தன் கழுத்து நரம்புதான் புடைக்கிறது. சத்தத்தை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

“ஃபோனப் போடுடி அவனுக்கு,” என்றாள்.

நம்பர் இருந்தது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிற பையன்தான். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

“சொல்லுங்கம்மா! எப்படி இருக்கீங்க? உங்க மோர் மிளகாய் டேஸ்ட் இன்னும் நாக்குலயே இருக்கு.”

“எம் பாட்டும் அங்கனதான் இருக்கு போல தம்பி.”

அவன் விளக்கினான். பாரம்பரியப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லையாம், மக்களுக்குச் சொந்தமாம்.

“நான் மக்கள்ல சேத்தியில்லையா தம்பி?”

“நீங்கதாம்மா மக்கள்!”

“அப்ப விசாலி போட்டத எதுக்கு ஊமையாக்குனீக?”

“அது நான் பண்ணலம்மா. சிஸ்டம் தானா பண்ணும். எங்க பாட்டு மாதிரி ஏதாவது வந்தா அதுவே பிடிச்சிரும்.”

“ஒங்க பாட்டு மாதிரி எங்க பாட்டு இருக்குதாக்கும்!”

“நாங்க டிரம்ஸ் போட்டு, ஸ்டுடியோ வாடகை கட்டி… சத்தியமா எனக்கே பெருசா ஒண்ணும் வரலம்மா. ஆயிரம் பேர் கேட்டா ஒரு டீ, ஒரு வடைக் காசு. அவ்வளவுதான் குடுக்கறாங்க. கச்சேரி கிடைச்சாத்தான் எங்களுக்கே சாப்பாடு.”

“பதினெட்டு லச்சம் பேரு கேட்டுருக்காகளாம். ஆயிரத்துக்கு ஒரு வடைன்னா, ஆயிரத்தி எண்ணூறு வடை தம்பி. ஒரு வடையவாச்சும் கண்ணுல காட்டுனியா? வடைய விடு. எம் பேரு எங்க? பேருக்கு என்ன ஸ்டுடியோ வாடகை? இங்குட்டு என்னையத் திருடிங்கிறாக. எனக்கு ஒரு ஊரும் கூப்புடல. அதுல காளியாயின்னு நாலு எழுத்துப் போட்டா எனக்கு ஆடி பொழைச்சுப் போகும்.”

“பேர் போடறதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. ஒருத்தர் எழுதினதுன்னு போட்டா பாரம்பரியம்ங்கற மதிப்பு போயிரும். அந்த அறுபது பாட்டு லிஸ்ட்ல இருந்தே தூக்கிருவாங்க. அந்தக் கருப்பி வரிக்காகத்தான் லிஸ்ட்லயே சேத்தாங்க. நீங்க அன்னிக்கு சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்களே…”

காளியாயி ஃபோனை விசாலியிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவ ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தொட்டித் திண்டைத் தேய்த்தாள். தேங்காய் நார் கையைக் கிழித்தது. அப்படியே நின்று கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “திரும்பப் போடுடி,” என்றாள். இந்தத் தடவை குரலில் பனங்கற்கண்டு கரைந்தது.

“தம்பி, கோவத்துல என்னமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக. இன்னொரு பாட்டு இருக்கு. யாரும் கேட்டதில்ல. ஒங்களுக்குன்னே வச்சுருக்கேன், வாரீகளா?”

“வியாழக்கிழமை வந்துடறேம்மா!”

“என்ன மதினி இது, அவனுக்கு இன்னொண்ணா?” என்று விசாலி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வரட்டும்டி. ஆட்ட வெரட்டுனதக்கூட விடாமப் பாடுற பய. நான் என்ன குடுத்தாலும் முழுசாப் பாடுவானான்னு பாக்கணும்.”

வியாழக்கிழமை கார் வந்தது. சிவபிரகாஷ் இந்தத் தடவையும் செருப்பில்லாமல்தான் இறங்கினான். கேமராவோடு இன்னொருவன் வந்தான், அவன் ஷூ போட்டிருந்தான். பாட்டுக்காரர் வருகிறார் என்று தெருவே கூடியிருந்தது. நாகநாதன் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, செல்ஃபிக்குத் தயாராக முன்வரிசையில் நின்றார். இந்தக் கூட்டத்தைக் காளியாயி கூப்பிடவில்லை, விசாலிதான் கடைக்கு வந்த ஒவ்வொரு செராக்சோடும் சேதியைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள்.

வேப்பமரத்தடியில் மைக் நட்டார்கள். புதுத் தொப்பி. காளியாயி இரண்டு சுற்றுக் கை தட்டித் தாளம் பிடித்துப் பாடினாள்.

தட்டாம்பயறு அவரை போட்டு – அம்மா
தண்ணி தெளிச்சோம் பாடிக்கிட்டு
கட்டுனது காளியாயி – இதைக்
களவு கொண்டா எரியும் வாயி

சிவபிரகாஷ் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். நாலாவது வரிக்குக் கண் பாதி திறந்தது. அவள் நிறுத்தவில்லை. மெட்டு பிசகாமல், தன் ஃபோன் நம்பரைப் பாடினாள்.

தொண்ணூத்தெட்டு நாப்பத்திரெண்டு – அம்மா
தொடர்ந்து வருமே எழுபத்திரெண்டு…

மிச்ச நாலு நம்பரையும் விடாமல் பாடிவிட்டு, ‘ரிங்கு போகும் எடுக்கலேன்னா, ராத்திரிக்கு மேல கூப்புடம்மா’ என்று முடித்தாள். விசாலியும் நாலு பெண்களும் பின்பாட்டு எடுத்து நம்பரை இரண்டு தடவை திருப்பிப் பாடினார்கள். கூட்டத்தில் ஒருவர் நிஜமாகவே கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே அடுப்படியில் காளியாயியின் ஃபோன் அலறியது.

கேமராக்காரன் சிரித்துவிட்டான். சிவபிரகாஷும் சிரிக்க முயற்சி செய்தான்.

“மெட்டு அற்புதம்மா. ஒரே ஒரு டேக் திரும்பப் பாடிருங்க. அந்தப் பேர் வரியும் நம்பரும் மட்டும் இல்லாம.”

“ஏன் தம்பி?”

“அது பாட்டு இல்லையேம்மா.”

காளியாயி தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“அப்ப ஒனக்குத் தெரியுது,” என்றாள்.

“என்னதும்மா?”

“எது பாட்டு, எது பாட்டு இல்லன்னு ஒனக்கு நல்லாத் தெரியுது. நம்பரு பாட்டு இல்ல. ஆட்ட வெரட்டுனது மட்டும் பாட்டு. அன்னைக்கு ஒன் மைக்குத் தொப்பியத் தின்னது எந்தச் சாமிடா? கருப்பரு பொண்டாட்டியா? ஆடு ஆடுன்னு நீதான கத்துன? நீயும் இழுத்த, அதுவும் இழுத்துச்சு. தெரிஞ்சே சாமின்னு எழுதுன. தெரிஞ்சே எம் பேர விட்ட. ஏன்னா ஆடுன்னு எழுதுனா ஒருத்தரும் கேக்க மாட்டாக, காளியாயின்னு எழுதுனா லிஸ்ட்ல சேக்க மாட்டாக. உசுரோட இருக்கவ பேரு இருந்தா அது பழசு இல்ல. நான் செத்துத் தொலைஞ்சிருந்தா ஒனக்கு வசதி, இல்ல?”

தெருவில் சிரிப்பு எழும்பி, அவள் முகத்தைப் பார்த்து அடங்கியது. சிவபிரகாஷ் வெற்றுக்கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். “ஆமாம்மா,” என்றான் மெதுவாக. “ஆடுன்னு தெரியும்.”

அது நாகநாதன் காதில் விழுந்ததா என்று காளியாயி திரும்பிப் பார்த்தாள். விழுந்தது. அவர் அவசரமாகச் செல்ஃபி ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“பேர மாத்து,” என்றாள்.

“மாத்தச் சொல்லி எழுதறேம்மா. ஆனா அவங்க மாத்த மூணு நாள் ஆகும்.”

காளியாயி மைக்கைக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்தாள். “மூணு நாளைக்கு இது இங்கன இருக்கட்டும்.”

“அம்மா! அது நாப்பதாயிரம் ரூவாம்மா!”

“எழுதிக் குடுக்கிறேன். கண்ணாடிய நீட்டு, வெரலால கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

கார் திரும்பிப் போனது. இந்தத் தடவை சிவபிரகாஷ் கார் ஏறும் முன்பே செருப்பை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டான், வெயில் அப்படி. காளியாயி மைக்கைச் சீலைத் துணியில் சுற்றிப் பரணில், குத்துப்போணிக்குள் பத்திரமாக வைத்தாள். எலி கடித்துவிடக் கூடாதே என்று மேலே தட்டு வைத்து மூடினாள். அந்தப் பையனுக்கும் அது பிழைப்புச் சாமான்.

நாலாம் நாள் விசாலி ஃபோனைக் கொண்டுவந்தாள். ‘பாடல்: பாரம்பரியம். உதவி: காளியாயி.’

“ஒதவியா?” என்றாள் காளியாயி. “நான் என்ன, அவனுக்கு மேசை தொடச்சு விட்டேனா? சொல்லு, மைக்குல தூசி ஏறுதுன்னு.”

இன்னும் இரண்டு நாள் போனது. பிறகு வந்தது: ‘பாடலும் மெட்டும்: காளியாயி.’ அதுவும் சும்மா கண்ணில் படாது. பாட்டுப் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட வேண்டும், கீழே இழுக்க வேண்டும், இன்னொன்றைத் தொட வேண்டும், அப்புறம் எறும்பு அளவுக்குத் தெரியும். அந்த அறுபது பாட்டு வரிசையிலிருந்து பாட்டைத் தூக்கிவிட்டார்கள் என்றும் விசாலி சொன்னாள். பாரம்பரியம் இல்லையாம். அவன் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் நிஜம். மைக்கை அன்றைக்கே பார்சலில் போடச் சொன்னாள் காளியாயி. ஒரு வடைக் காசும் வரவில்லை.

ஆடி முதல் செவ்வாய்க்கு ஐந்து நாள் இருக்கும்போது நாகநாதன் வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, அச்சாரம் ஐந்நூற்றொரு ரூபாய்.

“மூணு புள்ளியத் தொட்டுப் பாத்தேன்த்தா. நீதான்னு போட்டுருக்கு.”

“இருவத்திரெண்டு வருசமா ஒங்க பக்கத்துல நின்னு பாடுனேன். அதுல தெரியலையாண்ணே?”

“அது வேறத்தா. இப்பன்னா பேரு எழுதியே வந்துருச்சுல்ல. பக்கத்து ஊர்க்காரவுகளும் விசாரிக்கிறாக.” ஏதோ அவரே வாங்கிக் கொடுத்த மாதிரி சிரித்தார். “அன்னைக்கு ரேசன் கடையில வெளையாட்டுக்குச் சொன்னது. மனசுல வைக்காத.”

“செட்டு?”

“அட்வான்சு குடுத்தாச்சு. அது ஒரு ஓரமா ஓடட்டும்.”

“கும்மிக்கு நான் நடுவுல நிக்கிறப்ப ஒயரப் புடுங்கணும். செட்டுக்காரன் இல்ல. நீங்க புடுங்கணும்.”

நாகநாதன் தெருவை ஒரு தடவை பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் கீரை ஆய்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சரித்தா,” என்றார்.

காளியாயி தட்டை வாங்கினாள். அச்சார வெற்றிலையை அவள் எப்போதும் அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பாள். பாடப் போகிற அன்று குளித்து, விளக்கேற்றி, அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். நாகநாதனுக்கும் அது தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வெற்றிலையை எடுத்தாள், சேலையில் துடைத்தாள், காம்பைக் கிள்ளினாள், பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக் கடித்தாள். அவர் உள்ளே இருந்த அம்மன் படத்தை எட்டிப் பார்த்தார். நிதானமாக மென்று, முருங்கை மரத்தடியில் சிவக்கச் சிவக்கத் துப்பிவிட்டு வந்தாள்.

“எத்தன மணிக்கு வரணும்?” என்றாள்.